ஒகேனக்கல் பரிசலுக்கு ஒரு நாள்: புறப்படுமுன் பிலிகுண்டுலுவைப் பாருங்கள்

கேட்டது இதுதான். சேலத்திலிருந்து எட்டுப் பேர். கணவன் மனைவி, நான்கு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு 67 வயது மாமியார், நாத்தனார், அவர் கணவர், கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகன். பொங்கல் விடுமுறையில் ஒரே நாளில் ஒகேனக்கல் போய்ப் பரிசலில் சுற்றிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும். முடியுமா, எல்லோரையும் பரிசலில் ஏற்றலாமா, என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

ஒரே நாளில் தாராளமாகப் போய் வரலாம். ஆனால் எட்டுப் பேரையும் பரிசலில் ஏற்றாதீர்கள். காணும் பொங்கலன்று வராதீர்கள். எந்த நாள் என்பதை இன்றைக்கே முடிவு செய்துவிடாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நான் பென்னாகரத்துக்காரன். வீட்டுக்கு யார் விருந்தாளியாக வந்தாலும், முதல் நாள் ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போதே "நாளைக்குப் பரிசல் போலாமா?" என்று கேட்டுவிடுவார்கள். அதனால் வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவையாவது அந்தப் பரிசல் துறையில் யாரையாவது கூட்டிக்கொண்டு நிற்பேன். போகாமல் திரும்பி வந்த நாட்களும் உண்டு. சொல்லப்போனால் அந்த நாட்களில் கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

முதலில் தண்ணீர். ஏற்காட்டுக்குப் போவதென்றால் லீவு பார்த்து நாள் குறிக்கலாம். ஒகேனக்கல்லுக்கு நாள் குறிப்பது காவிரி. கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகரிலும் கபினியிலும் திறந்துவிடும் தண்ணீர் ஏறக்குறைய இரண்டு நாளில் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவுக்கு வந்து சேரும். அங்கே மத்திய நீர்வள ஆணையம் அதை அளக்கிறது. ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அந்தக் கணக்கை அளக்கும் இடமும் இதுதான். பிலிகுண்டுலுவைத் தாண்டிய தண்ணீர் சில மணி நேரத்தில் ஒகேனக்கல்லில் இருக்கும். ஆகவே புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அந்த இரண்டு அணைகளிலிருந்தும் எவ்வளவு திறக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் நாள் மாலை "ஒகேனக்கல் நீர்வரத்து" என்று தேடி அன்றைய எண்ணைப் பாருங்கள். எங்கள் பக்கத்து உள்ளூர்ச் செய்திகளில் தங்கம் விலைக்கு அடுத்தபடியாகத் தவறாமல் வருவது இந்த எண்தான்.

எண் கனஅடியில் இருக்கும். விநாடிக்கு இத்தனை கனஅடி என்று பொருள். ஒரு கனஅடி 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 5,000 கனஅடி என்றால் விநாடிக்கு 1,40,000 லிட்டர், அதாவது ஒவ்வொரு விநாடியும் பன்னிரண்டு பெரிய தண்ணி லாரி நம்மைத் தாண்டிப் போகிறது. கேட்கப் பயமாக இருந்தாலும் அகலமான ஆற்றில் இது சாதுவான தண்ணீர்தான். 1,500-லிருந்து 6,000 வரை குடும்பத்தோடு போக நல்ல அளவு என்பது என் கணக்கு. அதற்கு மேல் ஏற ஏற நானே யோசிப்பேன். 10,000-ஐ நெருங்கினால் காலையில் இருந்த அனுமதி மதியம் இருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் வண்டி எடுக்க வேண்டும். இத்தனை கனஅடியானால் தடை என்று கல்லில் செதுக்கிய எண் எதுவும் கிடையாது. ஏறுமுகமா இறங்குமுகமா, மேலே மழை எப்படி என்றெல்லாம் பார்த்து மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும். சில நாள் குளிக்கத் தடை இருக்கும், பரிசல் ஓடும். சில நாள் இரண்டுமே கிடையாது. 2018, 2022, 2024 மூன்று ஆண்டுகளிலும் ஆடி மாதத்தில் லட்சம் கனஅடிக்கு மேல் வந்தது. அப்போது அருவி என்று ஒன்றே தெரியாது. பாறையெல்லாம் முங்கி, கரையோடு கரையாகச் சேற்று நிறத்தில் ஒரு தண்ணீர்ச் சமவெளி ஓடிக்கொண்டிருக்கும்.

அணையில் திறக்காவிட்டாலும் தண்ணீர் ஏறலாம், இதையும் சொல்லிவிடுகிறேன். அஞ்செட்டி, கேரட்டி, ராசிமணல் பக்கம் ராத்திரி நல்ல மழை அடித்தால் விடிவதற்குள் நீர்வரத்து இரண்டு மடங்காகும். ஐப்பசி, கார்த்திகையில் இது அடிக்கடி நடக்கும். காலையில் போய்ப் பார்க்கும்போது தண்ணீர் செந்நிறமாக, சுள்ளியும் சருகுமாக வந்துகொண்டிருந்தால் எண் என்ன சொன்னாலும் பரிசலை விட்டுவிடுங்கள். கரையில் நின்று பார்த்துவிட்டு மீன் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

உங்களுக்குத் தை மாதம். வெள்ளப் பயம் அனேகமாக இல்லை, வெயிலும் இதமாக இருக்கும், இது நல்ல காலம். ஆனால் தை மாதத்தில் வேறு ஒன்று இருக்கிறது. தண்ணீர் குறைவாக இருக்கும். வெள்ளத்துக்குப் பயப்படுகிற அளவுக்கு யாரும் இதை யோசிப்பதில்லை. குறைந்த தண்ணீரில் பரிசல் முழு வழியும் மிதந்து போகாது. பாறை தலைகாட்டும் இடத்தில் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். பரிசல் ஓட்டி அந்தப் பெரிய கூடையைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆமை எழுந்து நடப்பதுபோல் முன்னால் போவார். நாம் பின்னால் பாறை மேல் ஏறி இறங்கிப் போக வேண்டும். மறுபடி தண்ணீர் வந்ததும் ஏறிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இதுதான் கொண்டாட்டம். முழங்கால் வலிக்காரருக்கு? துறைக்கு இறங்கும் படிகள், ஈரப் பாறை, ஆடுகிற பரிசலில் ஏறும்போது ஒற்றைக் காலில் நிற்கிற அந்த ஒரு கணம், பிறகு காலை நீட்டித் தரையோடு தரையாக உட்கார்ந்து மறுபடி எழுவது. உங்கள் மாமியாரைப் பரிசலில் ஏற்ற வேண்டாம் என்று நான் சொல்வது ஆற்றை நினைத்து இல்லை, இந்த ஏறி இறங்குதலை நினைத்துத்தான்.

நான்கு வயதுப் பிள்ளை விஷயத்தை லைஃப் ஜாக்கெட் முடிவு செய்யட்டும். துறையில் கொடுக்கும் ஜாக்கெட்டுகளில் பெரியவர் அளவுதான் அதிகம். போட்டு, எல்லா பக்கிளையும் மாட்டி, தோள்பட்டைப் பகுதியை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுக்கு மேல் ஏறினால் அது அந்தப் பிள்ளைக்கு ஆகாது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். மூன்று வருஷம் முன்பு அக்கா பையனுக்கு இப்படித் தூக்கிப் பார்த்தேன். அவனுக்கு அப்போது ஐந்து வயது. முகம் முழுக்க உள்ளே போய்விட்டது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. சரி, நீ பாட்டியோடு இரு என்றதும் சிரிப்பு அழுகையானது. அழுதால் அழட்டும் என்று விட்டுவிட்டோம். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கால்களுக்கு இடையே வாரோடு வரும் குழந்தை அளவு ஜாக்கெட் ஒன்றை விளையாட்டுச் சாமான் கடையிலோ ஆன்லைனிலோ பிள்ளையின் எடைக்குத் தகுந்தபடி வாங்கி, வீட்டிலேயே போட்டுப் பழக்கிக் கொண்டு வந்தால் அவனையும் ஏற்றலாம். வாங்கவில்லையென்றால் அவன் பாட்டியோடு கரையில்.

பெரியவர்கள் ஜாக்கெட்டையும் இப்படியே பார்த்து வாங்குங்கள். பக்கிள் உடைந்ததற்குப் பதிலாக நைலான் கயிறு கட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், கொடுப்பார்கள். கழுத்தில் மாலைபோல் தொங்கவிட்டுக்கொண்டு, துறையைத் தாண்டியதும் போட்டோவுக்காகக் கழற்றுகிறவர்களைப் போகிற ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். உங்கள் குடும்பத்தில் அந்த ஆள் அனேகமாகக் கல்லூரிப் பையன்தான். அவனிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். 2015-ல் இங்கே பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தில் ஆறு பேர் போனார்கள். எங்கள் ஊரில் அதை யாரும் மறக்கவில்லை.

ஒரு பரிசலுக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டி தனி. பிள்ளையையும் ஒரு ஆளாகவே எண்ணுங்கள். "சின்னப் பையன்தானே, மடியில வச்சுக்குங்க" என்பதற்குத் தலையாட்டாதீர்கள். உங்களில் ஆறு பேர் ஏறுவதானால் இரண்டு பரிசல், மூன்று மூன்று பேராக. சின்னவனும் வருவதானால் இரண்டு பிள்ளைகளையும் ஒரே பரிசலில் போடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் கையெட்டும் தூரத்தில் வேறு வேலை இல்லாத ஒரு பெரியவர் இருக்க வேண்டும். வேறு வேலை என்றால் வீடியோ எடுப்பது. நீச்சல் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தால் பரிசலுக்கு ஒருவராகப் பிரியுங்கள். கட்டணம் பரிசலுக்கு இவ்வளவு என்று கவுண்டரில் எழுதியிருக்கும். அங்கே கட்டிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஓட்டிக்குக் கையில் ஏதாவது கொடுப்பது உங்கள் மனசு. நான் கொடுப்பேன். மூன்று பேரைச் சுமந்துகொண்டு எதிர்நீச்சலில் துடுப்பு வலித்து வருகிறவருக்கு ஒரு டீச் செலவாவது கொடுக்காமல் இறங்கக் கை வராது.

பரிசலைப் பற்றி ஒரு வார்த்தை. மூங்கிலைப் பிளந்து வட்டமாகப் பின்னிய கூடை அது. அந்தக் காலத்தில் மேலே தோல் போர்த்துவார்களாம், இப்போது பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டித் தார் பூசுகிறார்கள். முன் பின் என்று எதுவும் கிடையாது, அடிக்கட்டை கிடையாது. அதனால்தான் பாறையில் இடித்தாலும் உருண்டு விலகிக்கொள்கிறது, முழங்கால் ஆழத் தண்ணீரிலும் போகிறது. அடி தட்டை, அகலம் அதிகம், எனவே எல்லோரும் விளிம்பை ஒட்டி வட்டமாக உட்கார்ந்து காலை நடுவில் நீட்டிக்கொண்டால் சட்டென்று கவிழாது. ஆனால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடைவெளி கொஞ்சம்தான். அருவி தெரிகிறதென்று நான்கு பேரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்க விளிம்பு இறங்கித் தண்ணீரை மொண்டுகொள்ளும். ஒருவர் எழுந்து நின்றால் அதைவிட மோசம். ஆகவே எழுந்திருக்க வேண்டுமென்றால் ஓட்டி சொன்ன பிறகு, ஒருவர் பின் ஒருவராக. ஏறும்போது விளிம்பில் கால் வைக்காமல் நடுவில் வையுங்கள். உட்காருமிடத்தில் எப்படியும் கொஞ்சம் தண்ணீர் கசியும், பயப்பட வேண்டியதில்லை.

இனி நாளை எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம். சேலத்திலிருந்து தொப்பூர், தருமபுரி, பென்னாகரம் வழியாக ஏறக்குறைய 110 கிலோமீட்டர். மேச்சேரி வழியாகவும் பென்னாகரம் வரலாம், தூரம் குறைவு, சாலை குறுகல். காலை ஆறு மணிக்குப் புறப்படுங்கள். பென்னாகரத்தில் இட்லி சாப்பிட்டுவிடலாம், ஆனால் பிள்ளைகளுக்கு அரை வயிறுதான். ஏனென்றால் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் சுமார் 16 கிலோமீட்டர் காட்டு வழி வளைந்து வளைந்து போகும். வாந்தி எடுக்கிற பிள்ளை அங்கேதான் எடுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக் கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டாதீர்கள், குரங்குகள் காத்திருக்கும்.

ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்ததும் நேரே துறைக்கு ஓடாதீர்கள். முதலில் கழிப்பறை. அடுத்து மீன்கடை. இது நான் எல்லோருக்கும் சொல்வது, யாரும் கேட்பதில்லை, பிறகு இரண்டு மணிக்குப் பசியோடு அடுப்படியில் நிற்பார்கள். இங்கே வழக்கம் என்னவென்றால், மீனை நீங்கள் வாங்கித் தர வேண்டும், சமைத்துக் கொடுக்கத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். வரிசையாக அடுப்பு போட்டிருப்பார்கள். மீன் விலை, சுத்தம் செய்யும் கூலி, எண்ணெய் மசாலா, சமையல் கூலி என்று நான்கும் தனித்தனிக் கணக்கு. மொத்தமாக எவ்வளவு என்று அடுப்பு பற்றவைக்கும் முன்பே பேசிவிடுங்கள். கட்லா, ரோகு, ஜிலேபி, வாளை, ஆரால் எல்லாம் கிடைக்கும். கட்லாவிலும் ரோகுவிலும் முள் அதிகம், பிள்ளைகளுக்கு வாளை வாங்குங்கள், நடு முள்ளை எடுத்துவிட்டால் ஏறக்குறைய வெறும் சதைதான். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாக இருந்தால் அடுத்த கடை. பாதியை வறுவல், பாதியைக் குழம்பு என்று சொல்லி, காரம் குறைத்துப் பிள்ளைகளுக்கு நான்கு துண்டு தனியாக என்றும் சொல்லி, "பரிசல் போயிட்டு வந்துடறோம்க்கா" என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் போனால் திரும்பும்போது சுடச்சுட இருக்கும்.

அப்புறம் பரிசல். வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது. பாறைகள் பதினொரு மணிக்கே சூடேற ஆரம்பிக்கும். சின்னாறு, மாமரத்துக்கடவு, கோத்திக்கல் என்று துறைகள் உண்டு. எந்தத் துறையிலிருந்து எந்த வழியாக மணல்திட்டுக்குப் போவது என்பதெல்லாம் அன்றைய நீர்மட்டத்தைப் பொறுத்தது. கேட்டால் ஓட்டி சொல்வார்.

முதல் பத்து நிமிஷம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். தண்ணீர் பச்சையாக, மெதுவாக. ஓட்டி ஒற்றைத் துடுப்பால் முன்னால் இருந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருப்பார். அவர் மணிக்கட்டைப் பாருங்கள், எட்டு போடுவதுபோல் வளைந்து வளைந்து வரும். அந்த வளைவு தப்பினால் பரிசல் சுற்ற ஆரம்பித்துவிடும். எதிர்த்து ஏற வேண்டிய இடத்தில் ஆற்றின் நடுவுக்கு வர மாட்டார். பாறையை ஒட்டிய ஓரத்தில் தண்ணீர் கொஞ்சம் சோம்பலாக ஓடும், அங்கே புகுந்து, கையாலேயே பாறையைத் தள்ளித் தள்ளி மேலே போவார். இரண்டு பக்கமும் பாறைச் சுவர் உயர ஆரம்பித்ததும் பேச்சுச் சத்தம் எதிரொலிக்கும், கொஞ்ச நேரத்தில் அருவிச் சத்தத்தில் அதுவும் கேட்காது. எதிர்க்கரை கர்நாடகம். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. புகையும் கல் என்பதுதான் ஊர்ப் பெயர் என்று சொல்வார்கள். அருவி விழும் இடத்தில் எழும் சாரலைப் பார்த்தால் பெயர் வைத்தவர் எங்கே நின்றிருப்பார் என்று புரியும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இன்னொன்றும் சொல்லலாம். இந்த வட்டாரத்தில் இருக்கும் கார்பனடைட் என்ற வகைப் பாறைகளின் வயது சுமார் 240 கோடி ஆண்டு என்று நிலவியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். டைனோசர் எல்லாம் நேற்று வந்தது.

நடுவில் ஓர் இடத்தில் ஓட்டி திரும்பிப் பார்த்து, "ஒரு சுத்து சுத்தட்டுங்களா?" என்பார். பரிசலைப் பம்பரம்போல் சுழற்றுவார். தலைசுற்றல் உள்ளவர்கள் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தயங்காதீர்கள். நாத்தனாரின் கணவர் வேண்டும் என்பார், பிறகு அவர்தான் வெளிறிப்போய் உட்கார்ந்திருப்பார் என்று என்னால் இங்கிருந்தே சொல்ல முடியும். இன்னொரு பரிசல் பக்கத்தில் வந்து ஒட்டும். அது கடை. சிப்ஸ், குளிர்பானம், வறுத்த மீன் எல்லாம் வைத்திருப்பார்கள். வாங்கலாம். காலிப் பாக்கெட்டைத் திரும்ப உங்கள் பையிலேயே கொண்டு வாருங்கள். மணல்திட்டில் இறக்கிவிட்டால் காலை நனைத்துக்கொள்ளலாம், அதோடு சரி. முழங்கால் ஆழம் என்று நினைத்து வைக்கும் அடுத்த அடி ஆள் ஆழ மடுவாக இருக்கும் ஆறு இது. முதலை எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை.

இவ்வளவும் நடக்கும்போது மாமியாரும் சின்னவனும் என்ன செய்வார்கள்? வனத்துறையின் முதலைப் பண்ணை அருகிலேயே இருக்கிறது. வாயைப் பிளந்துகொண்டு மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும் முதலைகள் நான்கு வயதுக்குப் பரிசலைவிடப் பெரிய விஷயம். அக்கா பையன் அழுகையை நிறுத்தியது அங்கேதான், "இது பொம்மையா?" என்று கேட்பதற்காக. மரநிழலில் உட்கார ஒரு சின்ன ஜமுக்காளம் கொடுத்துவிட்டுப் போங்கள். அவர்களோடு ஒரு பெரியவரும் இருந்தால் நல்லது. முதல் பரிசலில் போனவர் கரைக்கு வந்து இவர்களோடு இருக்க, மற்றவர் அடுத்த பரிசலில் போகலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆற்றில் இருக்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை.

மாமியாருக்கும் காவிரியில் படகில் போக ஆசை என்றால் அதற்கு ஒகேனக்கல் இடமில்லை, பூலாம்பட்டி. உங்கள் மாவட்டத்திலேயே, எடப்பாடி பக்கம், மேட்டூர் அணைக்குக் கீழே இருக்கிறது. கதவணையில் தேங்கி நிற்கும் அகலமான, அசையாத தண்ணீர். அக்கரையில் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டை. ஊர்க்காரர்கள் சந்தைக்கும் வேலைக்கும் போகும் விசைப்படகு அது. உட்கார்ந்தபடியே போய் உட்கார்ந்தபடியே திரும்பலாம். மேட்டூரில் அதிகத் தண்ணீர் திறந்தால் அதுவும் நிற்கும், தை மாதத்தில் அந்தக் கவலை குறைவு. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அரை நாள் போதும்.

குளியல், எண்ணெய் மசாஜ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆண்கள் கேட்பார்கள். பரிசலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்த உடம்போடு பரிசலில் ஏறினால் விளிம்பைப் பிடித்த கை வழுக்கும், எண்ணெய்க் காலோடு பாறையில் நடப்பதும் ஆபத்து. தடுப்புக் கம்பி போட்ட இடத்தில் மட்டும் குளியுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டால் மீனுக்குப் பசியும் நன்றாக இருக்கும்.

காணும் பொங்கலை விட்டுவிடச் சொன்னதற்குக் காரணம் கூட்டம். துறையில் வரிசை, அருவியில் வரிசை, அடுப்பில் வரிசை. அவசரத்தில் ஜாக்கெட்டைச் சரியாகப் பார்க்க முடியாது. குடித்துவிட்டு வரும் கும்பலும் அன்றைக்குத்தான் அதிகம். பள்ளிக்கு ஒரு நாள் லீவு போட்டாலும் பரவாயில்லை, அடுத்த செவ்வாயோ புதனோ வாருங்கள். அதே ஆற்றைப் பாதிச் சத்தத்தில் பார்க்கலாம்.

வந்த பிறகு தடை என்று தெரிந்தால்? நான்கைந்து வருஷம் முன்பு ஓர் ஆவணி மாதம் கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. அன்றைக்குக் காலையில்தான் தடை போட்டார்கள். வண்டியை நிறுத்தியதுமே ஒருவர் வந்து, "தடையெல்லாம் துறையிலதாண்ணா. அந்தாண்ட ஒரு எடம் இருக்கு, யாரும் பாக்க மாட்டாங்க" என்றார். இவ்வளவு தூரம் வந்தாச்சே என்று சித்தப்பாவுக்குச் சபலம். சித்திக்கும் அரை மனசு. நான் ஒன்றே ஒன்று கேட்டேன், "ஜாக்கெட் இருக்கா?" "அது துறையிலதாண்ணா குடுப்பாங்க" என்றார் அவர், ஏதோ அது எங்கள் தப்பு என்பதுபோல. சித்தி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். விஷயம் அதோடு முடிந்தது. உங்களிடமும் யாராவது வருவார்கள். அன்றைக்கு முதலைப் பண்ணை, மீன் சாப்பாடு, திரும்பும் வழியில் மேட்டூர் அணைப் பூங்கா என்று முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றரை மணிக்கு ஒகேனக்கல்லை விட்டுக் கிளம்பிவிடுங்கள். காட்டு வழியில் யானை நடமாட்டம் உண்டு, தை மாதத்தில் சீக்கிரம் இருட்டும். தொப்பூர் இறக்கத்தையும் களைத்த டிரைவர் இருட்டில் ஓட்ட வேண்டாம்.

எடுத்துப் போக வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அது கொஞ்சம்தான். ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி, பிள்ளைகளுக்கு இரண்டு. சீக்கிரம் காயும் துணியாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுக்கப் பாரம். சேலை கட்டுகிறவர்கள் பருத்தியைவிட மெல்லிய சிந்தடிக் சேலையாக, கொஞ்சம் உயர்த்திக் கட்டி, முந்தானையைச் செருகிக்கொண்டு ஏற வேண்டும். பின்னால் வார் உள்ள செருப்பு, ஏனென்றால் ஹவாய் செருப்பு பாறையில் வழுக்கும், தண்ணீரில் மிதந்து போய்விடும். போனுக்குக் கழுத்தில் மாட்டும் நீர்புகாத உறை. கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடிக் கயிறு. தொப்பி, குடிதண்ணீர், வாந்தி மாத்திரை, மாமியாரின் மாத்திரை டப்பா. சில்லறை நோட்டுகள், ஏனென்றால் மலைக்கு நடுவே சிக்னல் எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, போனிலேயே பணம் அனுப்பலாம் என்று நம்பிப் போனால் அடுப்புக்கார அக்காவிடம் நின்று விழிக்க வேண்டியிருக்கும். கழுத்தில் காதில் தங்கம் வேண்டாம். இரண்டு பெரிய பிளாஸ்டிக் பை, ஈரத் துணிக்கு ஒன்று. இன்னொன்று வரும் வழியில் அந்த 16 கிலோமீட்டரில் சின்னவனுக்குத் தேவைப்பட்டாலும் படும்.